முஸ்தபா பெட்டியின் பட்டன்: 16 ஆம்பியர் சுவிட்ச் சரிப்படவில்லை, எதைப் போடுவது?

முஸ்தபா93 (திண்டுக்கல்)

எல்லாருக்கும் வணக்கம். எங்கள் மாமா 1990களில் வீடியோ கேம் கடை வைத்திருந்தார். கடையை மூடியபோது மற்றதை எல்லாம் கொடுத்துவிட்டு, ஒரே ஒரு பெட்டியை மட்டும் விற்க மனம் வராமல் மாடியில் போர்வை போர்த்தி வைத்திருந்தார். இந்த வருடம் அது என் வீட்டுக்கு வந்தது. உள்ளே இருப்பது 1993இல் கேப்காம் வெளியிட்ட காடிலாக்ஸ் அண்ட் டைனோசர்ஸ். அந்தப் பெயரை நம் பக்கம் யாரும் சொல்லிக் கேட்டதில்லை. அதில் வரும் வீரன் ஒருவனின் பெயரால் எல்லாருக்கும் அது முஸ்தபா கேம்தான்.

திரை நன்றாக இருக்கிறது, சத்தமும் வருகிறது. பிரச்சினை பட்டனில். இந்த கேமுக்கு இரண்டே பட்டன்: அடி, குதி. அடி பட்டன் மூன்று முறை அழுத்தினால் ஒரு முறைதான் கேட்கிறது. இரண்டையும் சேர்த்து அழுத்தினால் கொஞ்சம் உயிரை எடுத்துக்கொண்டு ஒரு பெரிய அடி வரும் இல்லையா, அது வருவதே இல்லை. குதி பட்டன் வேறு மாதிரி: உள்ளே போனால் மேலே வர நேரம் எடுக்கிறது.

அடி பட்டனுக்கு அடியில் இருக்கும் பழைய மைக்ரோ சுவிட்சைக் கழற்றி உள்ளூர் கடைக்கு எடுத்துப் போனேன். கடைக்காரர் அதே அளவில் மைக்ரோவேவ் அவன் கதவுக்குப் போடும் சுவிட்ச் ஒன்றை எடுத்துக் கொடுத்தார். மேலே 16 ஆம்பியர், 250 வோல்ட் என்று போட்டிருந்தது. "பழசை விட இது ஸ்ட்ராங், ஆயுசுக்கும் வரும்" என்றார். அளவு அச்சு அசலாகப் பொருந்தியது. ஆனால் இப்போது என் மகள் இரண்டு கட்டை விரலையும் வைத்து அழுத்த வேண்டியிருக்கிறது. அதையாவது பழகிக்கொள்ளலாம். மூன்று வாரத்தில் பழைய கதையே திரும்பிவிட்டது. திங்கள் முதல் வெள்ளி வரை பெட்டி சும்மா இருக்கும். சனிக்கிழமை போட்டால் முதல் பத்து அடி காற்றில் போகிறது, அப்புறம் சரியாகிறது. இவ்வளவு பெரிய ஆம்பியர் சுவிட்ச் ஏன் இப்படிச் செய்கிறது? எதை வாங்க வேண்டும்?

---

சிங்கைக் கைப்பிடி (சிங்கப்பூர்)

வாழ்த்துகள், அந்தப் பெட்டியைக் காப்பாற்றிய மாமாவுக்கும் சேர்த்து.

எதை வாங்குவது என்று சொல்வதற்கு முன் நான்கு விஷயம் அளந்து சொல்லுங்கள். சுவிட்சின் நீளம், அகலம், உயரம். வயர் சொருகும் தகட்டின் அகலம் (2.8 மி.மீ., 4.8, 6.3 என்று மூன்று வகை பரவலாக உண்டு). பட்டன் உட்கார்ந்திருக்கும் ஓட்டையின் விட்டம். பலகையின் கனம். படம் போட முடிந்தால் இன்னும் நல்லது, பட்டனின் அடிப்பக்கம் தெரிய வேண்டும்.

---

ஈயப்புகை (சென்னை)

தம்பி, 1990களில் இந்த மாதிரிப் பெட்டிகளைத்தான் நான் கடை கடையாகப் போய்ச் சரிசெய்துகொண்டிருந்தேன். உங்கள் பதிவைப் படித்ததும் அந்த பட்டன் சத்தமே காதில் கேட்டது.

வாங்குவதற்கு முன் கோளாறு சுவிட்சில்தான் இருக்கிறதா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். நான் பார்த்த பெட்டிகளில் பாதிக்கு மேல் சுவிட்சே குற்றவாளியாக இருந்ததில்லை.

முதலில் மின்சாரத்தை நிறுத்தி பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள். பட்டன் பலகையை மட்டும் தூக்குங்கள், பின்பக்கக் கதவைத் திறக்க வேண்டாம். பழைய பிக்சர் டியூபில் நிறுத்திய பிறகும் உயர் மின்னழுத்தம் தங்கியிருக்கும். குழந்தைகள் பக்கத்தில் நிற்க வேண்டாம்.

பலகையைத் திருப்பினால் ஒவ்வொரு சுவிட்சுக்கும் இரண்டு வயர் வந்திருக்கும். ஒன்று கிரவுண்ட். அது பெரும்பாலும் கறுப்பு, ஒரு பட்டனிலிருந்து அடுத்த பட்டனுக்குச் சங்கிலி போலத் தாவிப் போகும். மற்றது அந்தப் பட்டனுக்கு மட்டும் உரியது, கேம் ஓடும் சர்க்யூட் போர்டுக்குப் போகும். ஜாமா வயரிங் (பெட்டியையும் போர்டையும் இணைக்கும் பொது முறை) என்றால் 56 முனைகள் கொண்ட நீளக் கனெக்டர் இருக்கும். 1985இல் ஜப்பானில் ஏற்படுத்திய முறை அது. முதல் ஆட்டக்காரரின் பட்டன்கள் 22, 23, 24ஆம் முனைகளில் வரும்.

இப்போது அடி, குதி இரண்டின் தனி வயர்களையும் ஒன்றுக்கொன்று மாற்றிச் சொருகி, பலகையை மூடி விளையாடிப் பாருங்கள். குதி பட்டனை அழுத்தினால் இப்போது அடிப்பான். கோளாறு அதே பட்டனிலேயே நின்றால் சுவிட்சிலோ அதற்கு வரும் கிரவுண்டிலோ குறை. கோளாறு வயரோடு அடுத்த பட்டனுக்குப் போனால் வயரிலோ போர்டிலோ குறை, எந்தச் சுவிட்ச் வாங்கினாலும் தீராது.

அப்புறம் வயரைக் கழற்றி மல்டிமீட்டரை ஓம் அளவில் வைத்து, சுவிட்சின் சி (பொது முனை), என்.ஓ. (அழுத்தும்போது மட்டும் இணைவது) என்ற எழுத்துகள் உள்ள இரண்டு முனைகளிலும் பிடித்து அழுத்துங்கள். பீப் சத்தத்தை நம்ப வேண்டாம், எண்ணைப் பாருங்கள். நல்ல சுவிட்ச் ஒரு ஓமுக்குள் காட்டும். பல நாள் சும்மா கிடந்த பிறகு முதல் அழுத்தலிலேயே அளக்க வேண்டும், அதுதான் முக்கியம். அளப்பதற்கு முன் டிக் டிக் என்று அழுத்திப் பார்த்துவிட்டீர்கள் என்றால் நோய் மறைந்துவிடும்.

---

முஸ்தபா93

ஐயா, நன்றி. ஐந்து நாள் தொடாமல் வைத்திருந்து இன்று காலை அளந்தேன்.

அளவு: 28 × 10 × 16 மி.மீ. வயர் சொருகும் தகடு பழைய சுவிட்சில் 4.8. புதியதில் 6.3 என்பதால் வயர் நுனியில் உள்ள லக் (தகட்டில் சொருகும் உலோக உறை) உள்ளே போகவில்லை, ஈயம் வைத்து ஒட்டியிருக்கிறேன். ஓட்டை ஏறக்குறைய 28 மி.மீ. பலகை 18 மி.மீ. பிளைவுட்.

வயர் மாற்றிப் பார்த்ததில் கோளாறு அடி பட்டனிலேயே நின்றது.

மீட்டர்: பழைய அடி சுவிட்ச் முதல் அழுத்தலில் 340 ஓம். இரண்டாவது 60. நான்காவது ஐந்தாவதில் 2 ஓமுக்கு இறங்கியது. புதிய 16 ஆம்பியர் சுவிட்சும் முதல் அழுத்தலில் 300க்கு மேல் காட்டிவிட்டு அப்புறம் 1 ஓமுக்கு வந்தது. குதி சுவிட்ச் எப்போது அழுத்தினாலும் 0.3.

குதி சுவிட்சுக்கு ஒன்றும் இல்லை என்றால் அது ஏன் மேலே வரமாட்டேன் என்கிறது?

---

ஈயப்புகை

அருமையாக அளந்திருக்கிறீர்கள். அந்த 340 என்ற எண்ணிலேயே உங்கள் கேள்விக்குப் பதில் இருக்கிறது.

குதி பட்டன் முதலில். அது வெறும் அழுக்கு. பட்டனைக் கழற்றி, பிளாஸ்டிக் தண்டை வெளியே எடுத்து, சோப்புத் தண்ணீரில் பழைய பல் தேய்க்கும் பிரஷ் வைத்துக் கழுவி நன்றாகக் காயவிடுங்கள். முப்பது வருட வியர்வையும் புழுதியும் அதில் இருக்கும். எண்ணெய், கிரீஸ் எதுவும் வேண்டாம். எண்ணெய் விட்டால் இரண்டு நாள் வழுக்கும், அப்புறம் புழுதியைப் பிடித்து முன்பை விட மோசமாகும்.

இப்போது அடி. போர்டில் ஒவ்வொரு பட்டன் வயரும் ஒரு ரெசிஸ்டர் வழியாக 5 வோல்ட்டில் தூக்கி வைக்கப்பட்டிருக்கும். நீங்கள் அழுத்தும்போது சுவிட்ச் அதைக் கிரவுண்டுக்கு இறக்குகிறது. அந்த ரெசிஸ்டர் 1000 ஓம் என்று வைத்துக்கொண்டால் சுவிட்ச் வழியாக ஓடுவது 5 மில்லி ஆம்பியர். அவ்வளவுதான். ஒரு ஆம்பியரில் இருநூறில் ஒரு பங்கு.

பழைய டிடிஎல் சிப்புக்கு, முனையில் 0.8 வோல்ட்டுக்குக் கீழே வந்தால்தான் பட்டன் அழுத்தப்பட்டது என்று உறுதியாகப் புரியும். சுவிட்சிலேயே 340 ஓம் தடை இருந்தால் முனை 1.27 வோல்ட்டில் நின்றுவிடும். நீங்கள் அழுத்துகிறீர்கள், டிக் சத்தம் கேட்கிறது, சுவிட்சும் மூடுகிறது. ஆனால் போர்டுக்கு அது எட்டவில்லை. 60 ஓமுக்கு இறங்கியதும் 0.28 வோல்ட், அப்போது கேட்கிறது. சனிக்கிழமை முதல் பத்து அடி காற்றில் போவதற்குக் காரணம் இதுதான்.

அந்தத் தடை எங்கிருந்து வந்தது? 16 ஆம்பியர் சுவிட்சின் உள்முனைகள் வெள்ளிக் கலவை. வெள்ளிக் கொலுசு கறுப்பது போல அந்த முனையும் காற்றில் உள்ள கந்தகத்தால் கறுக்கும். மைக்ரோவேவ் அவனில் இது பிரச்சினையே இல்லை. அங்கே 230 வோல்ட்டில் பல ஆம்பியர் ஓடும்போது ஒவ்வொரு முறையும் சிறு பொறி எழுந்து அந்தக் கறுப்பை எரித்துவிடும். அந்தச் சுவிட்ச் தன் வேலையைச் செய்யும்போதே தன்னைச் சுத்தம் செய்துகொள்கிறது. உங்கள் பெட்டியில் 5 வோல்ட், 5 மில்லி ஆம்பியர். பொறியும் இல்லை, எரிப்பதும் இல்லை. கறுப்பு அப்படியே படிந்து நிற்கும். ஆகவே தம்பி, இங்கே ஆம்பியர் அதிகம் என்பது பலம் இல்லை. தவறான வேலைக்கு வந்த ஆள் என்பதற்கான அடையாளம்.

உங்களுக்கு வேண்டியது தங்க முலாம் அல்லது தங்கக் கலவை முனை கொண்டது. தங்கம் கறுக்காது. அவற்றின் மேல் 0.1 ஆம்பியர் என்று சின்ன எண் போட்டிருக்கும். கடையில் அந்த எண்ணைப் பார்த்துவிட்டு "இது வீக்கு" என்று ஒதுக்கிவிடுவார்கள். நீங்கள் அதைத்தான் தேடிப் போக வேண்டும். உதாரணத்துக்கு ஆம்ரான் விஎக்ஸ் வரிசையில், பெயரில் விஎக்ஸ்-5 என்று வந்தால் 5 ஆம்பியர். விஎக்ஸ்-01 என்று வந்தால் 0.1 ஆம்பியர், தங்கக் கலவை முனை. உருவம் இரண்டுக்கும் ஒன்றே: 27.8 × 10.3 × 15.9. நீங்கள் அளந்ததும் அதே அளவுதான். இரண்டு திருகு ஓட்டைகளின் இடைவெளியையும் பாருங்கள், நீளவாட்டில் 22.2, குறுக்கே 10.3 இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு பொருந்தும்.

---

கோவை லேத்து (கோயம்புத்தூர்)

ஈயப்புகை ஐயா சொல்வதை மதிக்கிறேன், ஆனால் என் அனுபவம் வேறு. பட்டறையில் லிமிட் சுவிட்சாக (மெஷின் எல்லையைத் தொட்டதும் நிறுத்துவது) போட வாங்கி வைத்திருந்த 15 ஆம்பியர் மைக்ரோ சுவிட்சையே நான் கட்டிய பெட்டியில் எட்டு பட்டனுக்கும் போட்டேன். நான்கு வருடம் ஆகிறது. ஒரு அடி தவறியதில்லை. தங்கம் தங்கம் என்று ஆளை பயமுறுத்த வேண்டாம் என்பது என் கருத்து.

---

ஈயப்புகை

கோவைத் தம்பி, நீங்கள் சொல்வது பொய்யாக இருக்காது. இரண்டு கேள்வி: உங்கள் பெட்டியில் உள்ளது பழைய போர்டா, இல்லை பட்டன்களைக் கம்ப்யூட்டரோடு இணைக்கும் யுஎஸ்பி என்கோடரா? தினமும் ஓடுகிறதா?

---

கோவை லேத்து

யுஎஸ்பி என்கோடர்தான் ஐயா. பட்டறைப் பையன்கள் சாப்பாட்டு நேரத்தில் தினமும் ஆடுவார்கள்.

---

ஈயப்புகை

அப்படியானால் இரண்டும் பொருந்தி வருகிறது. தினமும் நூற்றுக்கணக்கில் அழுத்தும்போது முனைகள் ஒன்றோடொன்று உரசி, கறுப்பு சேரவே இடம் கிடைக்காது. கடைகளில் ஓடிய பெட்டிகளும் அப்படித்தான் தாக்குப் பிடித்தன. வீட்டில் வாரக்கணக்கில் தூங்கும் பெட்டிதான் இந்த நோய்க்கு வாகானது.

இன்னொன்று, உங்கள் என்கோடரில் தூக்கி வைக்கும் ரெசிஸ்டர் பெரிதாக இருக்கலாம். 4700 ஓம் என்று வைத்துப் பாருங்கள். அதே 340 ஓம் கறுப்பு இருந்தாலும் முனை 0.34 வோல்ட்டுக்கு இறங்கிவிடும், பட்டன் கேட்டுவிடும். கோளாறு இருக்கும், ஆனால் தெரியாது. ஒரு மாதம் பட்டறையை மூடி வைத்துவிட்டு முதல் அழுத்தலில் ஓம் அளந்து பாருங்கள், என்ன வருகிறது என்று எனக்கும் அறிய ஆசை.

---

கோவை லேத்து

கணக்கு புரிந்தது ஐயா. ஆயுத பூஜை விடுமுறையில் அளந்து எழுதுகிறேன்.

---

மின்னல்விரல் (பெங்களூரு)

முனையைப் பற்றிப் பேசியாயிற்று. அந்தக் குழந்தையின் கட்டை விரலைப் பற்றி நான் பேசுகிறேன். சண்டை கேம் ஆடுகிறவள் என்பதால் இது எனக்கு மிக முக்கியம்.

ஒரே உருவத்தில் வரும் மைக்ரோ சுவிட்சிலேயே அழுத்த வேண்டிய விசை மாடலுக்கு மாடல் மாறும். 50 கிராம், 100 கிராம், 200 கிராம் என்று தனித்தனியாக வரும். வெளியே பார்த்தால் ஒரே கறுப்புப் பெட்டி. நீங்கள் சொன்ன மைக்ரோவேவ் கதவு சுவிட்ச் கனமான வகையாக இருக்கும் என்று நினைக்கிறேன். இருநூறு கிராமை ஒரு மணி நேரத்தில் ஆயிரம் முறை அழுத்தினால் பெரியவர்களுக்கே மணிக்கட்டு வலிக்கும்.

வீட்டிலேயே அளக்கலாம். சமையலறை டிஜிட்டல் தராசு இருந்தால் சுவிட்சைத் தலைகீழாகப் பிடித்து, அதன் குமிழ் தராசுத் தட்டில் படும்படி மெதுவாக அழுத்துங்கள். டிக் கேட்கும் நொடியில் தராசு காட்டும் எண்தான் விசை. தராசு இல்லையென்றால் பத்து ரூபாய்க் காசு போதும். இருநிறக் காசு ஒன்று 7.71 கிராம். சுவிட்சை நிமிர்த்தி வைத்து, குமிழின் மேல் ஒரு சின்ன மூடியை உட்கார வைத்து, காசுகளை ஒவ்வொன்றாக அடுக்குங்கள். ஏழு காசில் டிக் என்றால் 50 கிராம் வகை. பதின்மூன்றில் என்றால் 100. இருபத்தாறு வரை போனால் 200.

நான் பரிந்துரைப்பது 50 முதல் 75 கிராம். ஆனால் ஒரு எச்சரிக்கை. உங்கள் பட்டனுக்குள் தனி ஸ்பிரிங் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் பிளாஸ்டிக் தண்டை மேலே தள்ளுவதும் சுவிட்சின் வேலைதான். மிக மெல்லிய 25 கிராம் சுவிட்சைப் போட்டால் தண்டின் கனத்திலேயே பாதி இறங்கி நிற்கும், விரலை வைப்பதற்கு முன்பே அடிக்கும்.

---

முஸ்தபா93

சகோதரி, உங்கள் காசு முறையை இரவே செய்து பார்த்தோம். உண்டியலை உடைத்து மகள்தான் அடுக்கினாள். மைக்ரோவேவ் சுவிட்ச் இருபத்தைந்தாவது காசில் டிக் என்றது. மாமா காலத்துப் பழைய சுவிட்ச் பதின்மூன்றில். அவள் கை வலித்ததற்குக் காரணம் இரண்டு மடங்கு விசை என்று இப்போதுதான் விளங்குகிறது.

பட்டனுக்குள் ஸ்பிரிங் இருக்கிறது. குதி பட்டனைக் கழுவிப் போட்டேன், தண்ணீர் காபி நிறத்தில் வந்தது. இப்போது தட்டினால் துள்ளுகிறது.

---

பனிக்கட்டி (ஸ்கார்பரோ)

இடையில் ஒரு சின்ன விஷயம். என்னிடம் இருப்பது 1980களின் தொடக்கத்தில் வந்த அமெரிக்கப் பெட்டி. அதில் மைக்ரோ சுவிட்சே கிடையாது. இரண்டு மெல்லிய உலோக இதழ்கள், நுனியில் ஒரு புள்ளி. பட்டனை அழுத்தினால் ஒரு இதழ் வளைந்து மற்றதைத் தொடும். டிக் சத்தம் இல்லை, விரலுக்கு வெண்ணெய் போல இருக்கும். அதை எடுத்துவிட்டு மைக்ரோ சுவிட்ச் போடலாமா என்று கேட்கிறவர்களுக்கு என் பதில், தயவுசெய்து வேண்டாம்.

இதழ் சுவிட்ச் வைத்திருப்பவர்கள் மாற்றுவதற்கு முன் சுத்தம் செய்து பாருங்கள். திருமண அழைப்பிதழ் மாதிரி ஒரு தடித்த காகிதத் துண்டை இரண்டு புள்ளிகளுக்கும் நடுவே வைத்து, இதழை லேசாக அழுத்திப் பிடித்து இழுங்கள். காகிதத்தில் கறுப்புக் கோடு விழும். கோடு விழுவது நிற்கும் வரை திரும்பச் செய்யுங்கள். உப்புத் தாளோ அரமோ கூடாது, தங்க முலாம் போய்விடும். பின்பால் மெஷினில் பந்தைத் தட்டும் பிளிப்பரின் சுவிட்சில் அரம் போடுவார்களே என்று கேட்பார்கள். அங்கே பெரிய மின்னோட்டம் ஓடும், டங்ஸ்டன் முனை, அதற்கு அரம் சரி. ஈயப்புகை ஐயா சொன்ன அதே கணக்குதான் இங்கேயும்.

இடைவெளி அதிகமானால் இதழை அடிப்பக்கத்தில் பிடித்து மெதுவாக வளைத்துச் சரிசெய்யலாம். மைக்ரோ சுவிட்சில் அந்தச் சலுகை இல்லை.

---

ஸ்டிக்பாய்

எதற்கு இவ்வளவு கஷ்டம்? சான்வா ஓபிஎஸ்எஃப்-30 பட்டன் வாங்கிப் போட்டால் முடிந்தது. இல்லை கேமர்ஃபிங்கர் பட்டன் வாங்கினால் கீபோர்டில் வரும் செர்ரி எம்எக்ஸ் சுவிட்சை நமக்குப் பிடித்த மாதிரி மாற்றிக்கொள்ளலாம்.

---

சிங்கைக் கைப்பிடி

இரண்டும் அருமையான பட்டன்கள், நானே என் கைப்பெட்டியில் சான்வாதான் வைத்திருக்கிறேன். தொட்டாலே போதும் என்கிற மாதிரி மென்மை. ஆனால் முஸ்தபா93 வீட்டுப் பெட்டிக்கு அவை எளிதில் சேராது.

அவருடைய ஓட்டை 28 மி.மீ. அமெரிக்க வகைப் பட்டனுக்கான அளவு. சான்வாவுக்கு 30 வேண்டும். ஒவ்வொரு ஓட்டையையும் ஒரு மி.மீ. சுற்றி அரிய வேண்டும், முப்பது வருடப் பிளைவுட் சிலாம்பு சிலாம்பாகப் பெயரும். இரண்டாவது, ஓபிஎஸ்எஃப் மெல்லிய பலகையில் இரு பக்கக் காதுகளால் கவ்விப் பிடிக்கும் வகை. 18 மி.மீ. மரத்தில் அந்தக் காதுகளுக்குப் பிடிமானம் கிடையாது. மூன்றாவது, அதன் தகடு 2.8 மி.மீ. பெட்டியில் உள்ள எல்லா லக்கையும் வெட்டி மாற்ற வேண்டும்.

நீளமான திருகுக் கழுத்துள்ள அந்தப் பழைய பட்டன் கனமான மரத்துக்காகவே செய்தது. சுவிட்ச் மட்டும் தனியாகக் கழன்று வருவது அதன் பெரிய வசதி. அதை விட்டுவிட வேண்டாம். மாமா வைத்த பட்டன், அவர் கை பட்டது.

சிங்கப்பூரில் இருப்பவர்கள் யாராவது படித்தால்: சிம் லிம் டவரில் உதிரிபாகக் கடைகள் இன்னும் இருக்கின்றன. மாடல் எண்ணைக் காகிதத்தில் எழுதி நீட்டுங்கள், வாயால் சொன்னால் வேறு எதையாவது எடுத்துத் தருவார்கள்.

---

முஸ்தபா93

சென்னையில் எலக்ட்ரானிக்ஸ் கடைகள் உள்ள ரிச்சி தெரு போய் வந்தேன். நடந்ததை விவரமாக எழுதுகிறேன், இனி தேடுகிறவர்களுக்கு உதவும்.

முதல் இரண்டு கடையில் "மைக்ரோ சுவிட்ச்" என்றதும் 16 ஆம்பியர் டப்பாவைத்தான் திறந்தார்கள். 0.1 ஆம்பியர் என்றதும் சிரித்துவிட்டு, அது எதற்கும் ஆகாது என்றார்கள். மூன்றாவது கடையில் ஒருவர் தங்க முனை என்று சொல்லி எடுத்துக் காட்டினார். அட்டைப் பெட்டியில் பெரிய கம்பெனிப் பெயர், ஆனால் சுவிட்சின் மேல் உள்ள எழுத்து நகத்தால் சுரண்டியதும் கையோடு வந்தது. வேண்டாம் என்று வைத்துவிட்டேன். நரசிங்கபுரம் தெருப் பக்கம் ஒரு சிறிய கடையில் வயதான ஒருவர் காகிதத்தில் எழுதியிருந்த எண்ணைப் பார்த்துவிட்டு, எதுவும் பேசாமல் உள்ளே போய் தூசி தட்டி ஒரு பெட்டியைக் கொண்டுவந்தார். விஎக்ஸ்-01, 4.8 தகடு. எழுத்து அழுத்தமாக இருந்தது. விலை மைக்ரோவேவ் சுவிட்சை விட நான்கு மடங்கு. பதினான்கு வாங்கினேன்.

ஒரு பயமுறுத்தும் விஷயம். அவருடைய பையன் பில் போடும் முன் ஒன்றை எடுத்து, வழக்கம்போல 100 வாட் பல்பு தொங்கும் டெஸ்ட் லாம்பில் வைக்கப் போனான். பெரியவர் கையைப் பிடித்துவிட்டார். அந்தப் பல்பில் ஓடுவது கிட்டத்தட்ட அரை ஆம்பியராம், ஒரே பொறியில் தங்கம் எரிந்துவிடுமாம். கடையில் யாராவது உங்கள் முன்னால் அப்படி டெஸ்ட் செய்தால் அந்தச் சுவிட்சை வாங்காதீர்கள்.

வீட்டில் வந்ததும் காசு அடுக்கிப் பார்த்தோம். ஆறாவது காசில் நின்றது, ஏழாவதில் டிக்.

மாட்டியது எளிதாக இருந்தது. பழைய சுவிட்ச் பட்டனின் அடியில் இரண்டு பிளாஸ்டிக் குமிழ்களில் உட்கார்ந்திருக்கிறது. ஒரு பக்கக் காலை விரலால் லேசாக வெளியே விரித்ததும் சுவிட்ச் சாய்ந்து கழன்றது. புதியதைச் சாய்த்து ஒரு குமிழில் மாட்டி, மறு பக்கத்தை அழுத்தியதும் உட்கார்ந்துவிட்டது. அவசரத்தில் முதல் சுவிட்சில் லக்கை என்.சி. முனையில் (அழுத்தாதபோது இணைந்திருப்பது) சொருகிவிட்டேன். பெட்டியைப் போட்டதும் யாரும் தொடாமலே முஸ்தபா ஒரு தடவை அடித்தான், அப்புறம் அழுத்தி எடுக்கும்போது அடித்தான். என்.ஓ.வுக்கு மாற்றியதும் சரியாகிவிட்டது.

இப்போது முதல் ஆட்டக்காரர் பக்கம் கச்சிதம். ஆனால் இரண்டாம் ஆட்டக்காரரின் குதி பட்டனும் ஸ்டார்ட் பட்டனும் சேர்ந்தே விட்டு விட்டு வேலை செய்கின்றன. புதுச் சுவிட்ச், ஓம் 0.2. இதென்ன?

---

ஈயப்புகை

அந்தக் கடைப் பெரியவர் கையைப் பிடித்தது கேட்டு மனம் நிறைந்தது. அப்படிப்பட்டவர்கள் இன்னும் தெருவில் இருக்கிறார்கள்.

இரண்டு பட்டன் சேர்ந்து விட்டு விட்டு வருகிறது என்றால் சுவிட்சை மறந்துவிடுங்கள். கிரவுண்ட் சங்கிலியில் அந்த இரண்டுக்கும் முன்னால் உள்ள லக்கைப் பாருங்கள். இரண்டாம் ஆட்டக்காரரின் அடி பட்டனில் இருக்கும் கறுப்பு லக் என்று நினைக்கிறேன். அதற்கு உள்ளே வரும் வயர் நன்றாக இருக்கும், அடுத்த பட்டனுக்குத் தாவிப் போகும் வயர் ரப்பருக்குள்ளேயே அறுந்திருக்கும். லேசாக இழுத்தாலே தெரியும்.

---

முஸ்தபா93

ஐயா சொன்ன அதே லக்! இழுத்ததும் கையோடு வந்துவிட்டது. உள்ளே செம்பு இழைகள் பச்சை பிடித்திருந்தன. அரை அங்குலம் வெட்டி, பளபளப்பான செம்பு வரும் வரை சுரண்டி, புது 4.8 லக் போட்டு நசுக்கினேன். இரண்டு பட்டனும் உயிர் பெற்றுவிட்டன.

சனிக்கிழமை காலை மாமாவை அழைத்து வந்தேன். ஐந்து நாள் தொடாமல் வைத்திருந்த பெட்டி. முதல் அழுத்தலே விழுந்தது. அவர் அடியையும் குதியையும் சேர்த்து அழுத்திப் பார்த்தார், பெரிய அடி வந்தது. மகள் ஒற்றை விரலில் ஆடினாள்.

---

மின்னல்விரல்

இதைப் படிக்க எவ்வளவு மகிழ்ச்சியாக இருக்கிறது தெரியுமா! கைப்பிடி எப்படி இருக்கிறது? அதிலும் நான்கு சுவிட்ச் இருக்குமே.

---

முஸ்தபா93

மேலே, கீழே, வலது மூன்றும் ஒரு ஓமுக்குள். இடது மட்டும் முதல் அழுத்தலில் 90. அதில் உள்ளவை குமிழின் மேல் உலோக நாக்கு வைத்த வகை, பட்டனுக்கு வாங்கியது அப்படியே சேராது. நாக்கின் நீளத்தை அளந்து எழுதி வைத்திருக்கிறேன், அடுத்த முறை சென்னை போகும்போது அதே பெரியவரிடம் கேட்பேன்.

பட்டனுக்கு வாங்கியதில் இரண்டு மிச்சம். ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு, மாடல் எண், தேதி, "டெஸ்ட் லாம்ப் வைக்காதே" என்று மூன்று வரி எழுதி, காசுப் பெட்டிக் கதவின் உள்பக்கம் ஒட்டிவிட்டேன்.